அண்டாவும் ஜன்னலும்

உதவி அரசு வழக்கறிஞர் தெய்வேந்திரனுக்கு முதல் வழக்கு வந்தது. திருட்டு. கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே சௌந்தரம் மேடம் அறைக்குப் போனான்.

சௌந்தரம் வேலங்குளம் கோர்ட்டில் மூத்த அரசு வழக்கறிஞர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் திட்டாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தத் திட்டுக்காகவே அவரிடம் போவார்கள். மற்ற பெரியவர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அவர் வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"மேடம், முதல் கேஸ். நாளைக்கு விசாரணை. தண்டனை வாங்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"என்ன திருட்டு?"

"அண்டா."

"சொல்லு."

"மங்களவிலாஸ் கல்யாண மண்டபத்து அண்டா மேடம். பித்தளை. ஊருக்கே சோறு வடிக்கலாம். பந்தல்காரன் மூக்கையா எடுத்திருக்கான். பாத்திர ரூம் ஜன்னல் கம்பியை வளைச்சு உள்ள போயிருக்கான். அதே ஜன்னல் வழியா அண்டாவை வெளியே தள்ளியிருக்கான். அவன் ஷெட்லேருந்துதான் போலீஸ் எடுத்திருக்கு. விளிம்புல மண்டபத்துப் பேரே வெட்டியிருக்கு. பக்கா கேஸ்."

"மூக்கையா என்ன சொல்றான்?"

"வழக்கமான கதைதான். மண்டபத்து மேனேஜரோட மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு இவன் பந்தல் போட்டானாம். பந்தல் பிரிக்கையில அந்த மச்சான், அண்டாவையும் வண்டியில ஏத்திக்கப்பா, மண்டபத்துல குடுத்துருன்னு சொன்னானாம். இவன் குடுக்கறதுக்குள்ள போலீஸ் வந்துருச்சாம். எல்லாருந்தான் இப்படி ஒரு கதை வச்சிருக்காங்க."

"அண்டாவைப் பாத்தியா?"

"போட்டோ இருக்கு மேடம். எல்லாப் பக்கமும் எடுத்திருக்காங்க."

"போட்டோல சாம்பார் வைப்பியா?"

அவன் விழித்தான்.

"போய் அண்டாவைப் பாரு. அப்புறம் ஜன்னலைப் பாரு. அப்புறம் வா. கதவைச் சாத்திட்டுப் போ."

கோர்ட்டின் பின்பக்கம் வழக்குச் சொத்து அறை. துருப்பிடித்த சைக்கிள்கள், சாக்கில் கட்டிய அரிவாள்கள், யாரோ உடைத்த ஒரு மைக் செட். நடுவில் அண்டா, ஊருக்குப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

தெய்வேந்திரன் அதன் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. கோர்ட் ஏட்டு பரமன் ஒரு பக்கம் பிடித்தார். அரையடி நகர்ந்தது.

"இதைத் தனியா ஒருத்தன் தூக்கியிருக்கானா ஏட்டையா?"

"பந்தல்காரன் சார். தோள் அப்படி இருக்கும்."

தெய்வேந்திரன் சுற்றிச் சுற்றி வந்தான். அளக்க எதுவும் கையில் இல்லை. தோளில் கிடந்த கறுப்பு கவுனைக் கழற்றி அண்டாவின் வாய்க்கு மேலே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு இழுத்துப் பிடித்தான். மிஞ்சின இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான்.

ஏட்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்டாவுக்கு கவுன் தைக்கப் போறீங்களா சார்?"

"கேஸ் ஜெயிச்சா தைச்சுப் போடலாம் ஏட்டையா."

மண்டபத்துக்குப் போனான். அங்கே அன்றைக்கு ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள், வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் கையில் கறுப்பு கவுனுமாக ஒருவன் வருவதைப் பார்த்தார்கள். பன்னீர் நின்றது. ஒருத்தி உள்ளே ஓடினாள்.

பெண்ணின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், எங்க பொண்ணு மேஜர். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இருக்கு."

"நல்லது சார். நான்..."

"மாப்பிள்ளைக்கு முன்ன ஒரு கல்யாணம்னு எவனாவது புரளி கிளப்பிவிட்டானா? அது நிச்சயத்தோட நின்னது சார். தாலி கட்டல."

பின்னாலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள். "என்னது, நிச்சயமா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே?"

"சித்தி, நீ பேசாம இரு" என்றார் பெண்ணின் அப்பா.

"சார், நான் ஜன்னல் பாக்க வந்தேன்" என்றான் தெய்வேந்திரன்.

யாரும் நம்பவில்லை. ஜன்னல் பார்க்க எந்த வக்கீல் வருவான்? ஆனாலும் பாத்திர அறைக்குக் கூட்டிப்போனார்கள். பாதிக் கல்யாணம் கூடவே வந்தது. ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்தது. ஒல்லியான ஆள் தலையை நுழைத்துத் தோளை ஒடுக்கினால் உள்ளே போகலாம். தெய்வேந்திரன் கவுனின் ஒரு முனையைச் சட்டத்தின் இந்த ஓரத்தில் வைத்து இழுத்தான். முடிச்சு எங்கேயோ சுவரில் போய் நின்றது. உயரவாக்கில் வைத்தான். அப்போதும் சுவர். மூலைக்கு மூலை வைத்தான். அதற்கும் சுவர்தான்.

அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துப் பெண்ணின் அப்பாவுக்கு உயிர் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்றான். இலையில் லட்டு விழுந்தது. அந்தச் சித்தி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த நிச்சயத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவன் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடிவந்தான்.

கோர்ட் வாசலில் எஸ்.ஐ. துரைக்கண்ணு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். வழக்கைப் போட்டவர் அவர்தான். தெய்வேந்திரன் விஷயத்தைச் சொன்னான்.

"அண்டா ஜன்னலைவிடப் பெருசு சார்."

துரைக்கண்ணு யோசித்தார். ரொம்ப நேரம் இல்லை.

"மூக்கையாவுக்கு வக்கீல் யாரு?"

"சட்ட உதவியில நிசார்."

"நிசாரா? அவர் கட்டையே பிரிச்சிருக்க மாட்டாரு. யாரு சார் ஜன்னலை அளக்கப் போறா?"

"நான் அளந்துட்டேனே."

"நீங்க நம்ம ஆளு சார். சரி, மனசுக்கு உறுத்துதுன்னா ஒண்ணு பண்ணலாம். பூட்டை உடைச்சுக் கதவு வழியா எடுத்தான்னு மேனேஜரைச் சொல்ல வச்சிருவோம். காலைல வராந்தாவுல நிக்க வச்சுச் சொல்லிக் குடுத்தாப் போதும். கெட்டிக்காரர். ஒரு தடவை சொன்னாப் பிடிச்சுக்குவாரு."

"பூட்டு உடையலன்னு புகார்லயே இருக்கே."

"அதனாலதான் சார் ஜன்னல்னு போட்டோம். பூட்டு நல்லா இருந்துச்சு. கம்பி ஒண்ணு எப்பவோ வளைஞ்சு கிடந்துச்சு. சரி, அப்ப ஜன்னல்தான்னு எழுதினோம். எல்லாத் திருட்டும் ரெண்டுல ஒரு வழிதானே."

துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. நிறைய வழக்கு பார்த்தவர். நிறைய பார்த்தவர்களுக்குப் பார்க்காமலே எழுத வந்துவிடும்.

"அவன் ஷெட்ல அண்டா இருந்துச்சு சார். அது பொய்யில்லையே. உங்க முதல் கேஸ். தண்டனை விழுந்தா நாளைக்கு ஊர்ல ஒரு மரியாதை" என்றார்.

வராந்தாவில் ஒரு பெண் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். மூக்கையாவின் பெண்டாட்டி பேச்சியம்மாள். ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை. மூக்கையா ஜெயிலில் இருந்தான். தண்டனை விழுந்தால் அங்கேயே இருப்பான். அவள் தெய்வேந்திரனைப் பார்த்துக் கும்பிடப் போனாள். யாரோ காதில், அது எதிர்க்கட்சி வக்கீல் என்றார்கள். கையை இறக்கிக்கொண்டாள்.

சௌந்தரம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"கவுன்ல என்ன முடிச்சு?"

சொன்னான். எஸ்.ஐ. சொன்னதையும் சொன்னான். அவர் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை.

"நான் அரசு வக்கீல் மேடம். கேஸை நடத்தத்தான் எனக்குச் சம்பளம். ஓட்டையை அந்தப் பக்கத்து வக்கீல் கண்டுபிடிக்கட்டும். என் கேஸ்ல இருக்கிற ஓட்டையை நானே எப்படிக் காட்டறது?"

"சாப்பிட்டியா?"

"கல்யாணத்துல சாப்பிட்டேன்."

"அப்ப உட்காரு. அங்க இல்ல. அந்த நாற்காலி."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தான்.

"இப்ப நான் அரசு. நீ மூக்கையா வக்கீல்."

"நடுவர் யாரு மேடம்?"

"மேல சுத்திக்கிட்டிருக்காரு."

தெய்வேந்திரன் அண்ணாந்து பார்த்தான். மின்விசிறி கிறீச்சிட்டது.

சௌந்தரம் ஒரு வாய் சோறு அள்ளிக்கொண்டே ஆரம்பித்தார். "ஜன்னல் வழியா எடுத்தான்."

"போகாது மேடம்."

"மேடம் இல்ல. கோர்ட்டைப் பாத்துச் சொல்லு."

அவன் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். "ஐயா, போகாது. அண்டா பெருசு. ஜன்னல் சிறுசு."

"சாய்ச்சான்."

"அண்டா உருண்டை ஐயா. சாய்ச்சாலும் வயிறு வயிறுதான்."

"நசுக்கினான்."

"நசுங்கல் எங்க? ஒரு சொட்டை இல்ல. போட்டோலயும் இல்ல, அண்டாலயும் இல்ல. நான் தடவிப் பாத்தேன்."

"சரி. கதவு வழியா எடுத்தான்."

"பூட்டு உடையலன்னு அவங்களே எழுதியிருக்காங்க."

"கள்ளச்சாவி."

"எங்க சாவி? காட்டுங்க." அவன் குரல் ஏறிவிட்டது. "பறிமுதல் பண்ணீங்களா? இல்ல. அந்த ரூமுக்கு ஒரே சாவி. அது மேனேஜர் இடுப்புல தொங்குது. நான் இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். இடுப்புல கட்டிக்கிட்டுப் பந்தியில ரசம் ஊத்திக்கிட்டிருந்தாரு."

"அண்டா அவன் ஷெட்ல இருந்துச்சே."

"இருந்துச்சு. யாரு இல்லன்னா? எப்படி வந்துச்சுன்னு பிடிச்ச அன்னிக்கே சொன்னானே ஐயா. மேனேஜரோட மச்சான் குடுத்தான்னு சொன்னான். காதுகுத்துன்னு சொன்னான். ஊர் சொன்னான், தெரு சொன்னான். அந்த மச்சானை ஒருத்தராவது போய்க் கேட்டீங்களா? அந்தத் தெருவுல காதுகுத்து நடந்துச்சான்னாவது கேட்டீங்களா?" மேஜையில் ஓங்கி அடித்தான். அப்பளம் நொறுங்கியது. "கேக்கல. ஏன் கேக்கல? எல்லாரும் இப்படி ஒரு கதை வச்சிருப்பாங்கன்னு..."

நிறுத்தினான்.

சௌந்தரம் அப்பளத் தூளைச் சோற்றில் போட்டுப் பிசைந்தார்.

"நல்லாத்தான் பேசறே" என்றார். "நாளைக்குக் கோர்ட்டுல இதை யார் பேசுவா?"

"நிசார் பேசணும்."

"நிசாருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. உங்களுக்கு." தலையைத் தூக்கினான். "அப்புறம் ஃபேனுக்கு."

"நான் நாளைக்கு வேற கோர்ட்டுல இருக்கேன்" என்றார் சௌந்தரம். "ஃபேனைக் கழட்டி எடுத்துட்டுப் போ. அது வந்து சொல்லட்டும்."

தெய்வேந்திரன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. மோர் ஊற்றிக்கொண்டார்.

காலையில் டீக்கடையில் நிசாரைப் பிடித்தான். நிசார் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"மூக்கையா கேஸ்ல அண்டா ஜன்னலுக்குள்ள போகாது" என்றான் தெய்வேந்திரன்.

பன் டீக்குள் விழுந்தது.

"என்ன சார், பொறி வைக்கறீங்களா?"

"இல்ல. அளந்தேன்."

"உங்க கேஸை நீங்களே அளந்தீங்களா?"

"ஆமா."

"எனக்கு எதுக்கு சொல்றீங்க?"

"நீங்கதானே அவன் வக்கீல்."

நிசார் அவனை மேலும் கீழும் பார்த்தார். வேலைக்குப் புதுசு, வெயில் வேறு என்று நினைத்திருப்பார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேரே சொத்து அறைப் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது நடையே வேறு மாதிரி இருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். மூக்கையா கூண்டில் ஏறினான். தோள் உண்மையிலேயே அகலம். கூண்டில் நேராக நிற்க முடியாமல் கொஞ்சம் சாய்ந்து நின்றான். மேனேஜர் சந்தானம் சாட்சிக் கூண்டில். இடுப்பில் சாவி தொங்கியது. எஸ்.ஐ. கடைசி பெஞ்சில், தைரியமாக.

தெய்வேந்திரன் பெயர், ஊர், வேலை கேட்டான். அண்டா யாருடையது என்று கேட்டான். மண்டபத்தோடது என்றார் சந்தானம்.

"பாத்திர ரூம் ஜன்னல் எவ்வளவு அகலம்?"

எஸ்.ஐ. நிமிர்ந்தார்.

"ஜன்னல் அகலம்தானே சார்... ஜன்னல் அகலம் இருக்கும்" என்றார் சந்தானம்.

தெய்வேந்திரன் நடுவர் பக்கம் திரும்பினான். குரல் மெதுவாகத்தான் வந்தது. "ஐயா, அரசுத் தரப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டியது கடமை. நான் சம்பவ இடத்தைப் பார்வையிட்டேன். இந்தச் சான்றுப்பொருள் அந்த ஜன்னல் வழியே வெளியே போக இயலாது என்று கருதுகிறேன்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "அரசுத் தரப்பா சொல்றீங்க?"

"ஆமாம் ஐயா."

நிசார் எழுந்தார். அவர் குரல் மெதுவாக வரவில்லை. அண்டா என்றார். ஜன்னல் என்றார். ஏழை என்றார். பந்தல் போடுகிறவன் தலைக்கு மேல் நிழல் இல்லை என்றார். சம்பவ இடத்தையே ஐயா நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றபோது கையை வீசியதில் பக்கத்து வக்கீலின் பேனா பறந்தது. மூக்கையா வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அரசுத் தரப்பில் ஆட்சேபணை உண்டா?"

"இல்லை ஐயா."

"அப்ப அண்டாவையும் ஏத்துங்க" என்றார் நடுவர். "போய்ப் பாத்துருவோம்."

போலீஸ் வண்டியில் அண்டா ஏறியது, கூடவே மூக்கையாவும் சந்தானமும். பின்னால் நடுவரின் கார். அதற்குப் பின்னால் நிசாரின் ஸ்கூட்டர், தெய்வேந்திரனுக்கு அதில் பின்சீட்.

மண்டபத்தில் அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தம். நாதஸ்வரக்காரர் தூக்கத்தில் இருந்தார். வாசலில் கார், வண்டி, பெரிய பித்தளை அண்டா, அதைத் தூக்கிக்கொண்டு நாலு பேர், முன்னால் கோட்டுப் போட்ட பெரிய மனிதர். சீர்வரிசை வந்துவிட்டது என்று நினைத்தார். வாத்தியத்தை எடுத்து ஊதிவிட்டார். தவில்காரரும் விழித்துக்கொண்டு அடித்தார். அரசு எதிர் மூக்கையா வழக்கின் சான்றுப்பொருள் மேளதாளத்தோடு உள்ளே போனது.

"நிறுத்தச் சொல்லட்டுமா ஐயா?" என்றார் எஸ்.ஐ.

"நல்லாத்தானே வாசிக்கறாரு" என்றார் நடுவர்.

பாத்திர அறை. நாலு கான்ஸ்டபிள்கள் அண்டாவைத் தூக்கி ஜன்னலில் வைத்தார்கள். போகவில்லை. சாய்த்தார்கள். போகவில்லை. எஸ்.ஐ. தானே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார். அண்டா ஜன்னலில் முகத்தை வைத்து வெளியே வேடிக்கை பார்த்தது. அதற்கு மேல் நகரவில்லை.

கைதியாக ஓரத்தில் நின்ற மூக்கையாவால் தாங்க முடியவில்லை. வேலை தெரிந்தவன். வேலை தெரியாதவர்கள் பாரம் தூக்குவதைப் பார்த்தால் கை அரிக்கும்.

"ஐயா, அப்படி இல்ல. காதைப் பக்கவாட்டுல திருப்புங்க. அடியை முதல்ல விடுங்க."

திருப்பினார்கள். அடியை விட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கணும் ஐயா. கீழ ஒரு சவுக்குக் கம்பு குடுத்து நெம்பினா வந்தாலும் வரும். எங்கிட்ட கம்பு இருக்கு. ஷெட்ல."

ஏட்டு பரமன் அவன் காதருகே குனிந்தார். "லேய், இது வெளிய போச்சுன்னா நீ உள்ள போவே. வாயை மூடு."

மூக்கையா யோசித்தான். அப்புறம், "போகாதுங்க" என்றான்.

நிசார் தலையில் அடித்துக்கொண்டார். நடுவர் கைக்குட்டையால் வாயைத் துடைக்கிற மாதிரி ரொம்ப நேரம் துடைத்தார்.

எஸ்.ஐ. துரைக்கண்ணு அண்டாவைக் கீழே வைத்தார். வியர்வை ஊற்றியது. ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு திருட்டு வழக்கில் அவர் உண்மையாகவே பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்வை மெதுவாகச் சந்தானத்தின் இடுப்புக்கு வந்தது.

"சந்தானம். இந்த ரூமுக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணுதான் சார்."

"யாருகிட்ட?"

சந்தானம் சாவியைக் கையால் மூடினார். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். வெளியே தவில் மட்டும் கேட்டது.

"மச்சான் வீட்டுக் காதுகுத்து சார்" என்றார் சந்தானம். "பாத்திரத்தை வெளியே குடுக்கக் கூடாதுன்னு ஓனர் கண்டிஷன். தெரியாம குடுத்துட்டேன். அவர் திடீர்னு வந்து அண்டா எங்கன்னு கேட்டுட்டாரு. வாயில வந்தது, களவு போச்சுன்னுட்டேன். வா புகார் குடுப்போம்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம் எப்படி சார் திரும்பறது?"

"என்னைப் பிடிச்சப்ப சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றான் மூக்கையா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

கோர்ட்டுக்குத் திரும்பி, சந்தானம் சொன்னதை நடுவர் சாட்சியமாகப் பதிவு செய்தார். தெய்வேந்திரன் எழுந்து, அரசுத் தரப்பில் மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை என்றான். அன்று சாயங்காலமே தீர்ப்பு. மூக்கையா விடுதலை. சந்தானத்தை எஸ்.ஐ. தனியாகப் பேச அழைத்துப் போனார். அந்தப் பேச்சு வெளியே தெருவரைக்கும் கேட்டது.

ஜெயிலில் எழுத்து வேலை முடிந்து மூக்கையா மறுநாள்தான் வெளியே வந்தான். வந்ததும் பெண்டாட்டியோடு நேரே கோர்ட்டுக்கு வந்தான். நிசார் காலில் விழுந்தான். பேச்சியம்மாளும் விழுந்தாள். நிசார் கூச்சத்தோடு தெய்வேந்திரன் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். மூக்கையா விடவில்லை.

"சாமி, நீங்க பேசின பேச்சு இருக்கே. தலைக்கு மேல நிழல் இல்லன்னு சொன்னீங்களே. எனக்கே அழுகை வந்துருச்சு."

எழுந்தவன் தூணருகில் நின்ற தெய்வேந்திரனைப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். பேச்சியம்மாள் வேண்டாம் என்று முழங்கையை இழுத்தாள். உதறிவிட்டு வந்தான்.

"சார், நீங்கதானே அந்தப் பக்கத்து வக்கீலு?"

"ஆமா."

"என்னைத் திருடன்னு ஆக்கப் பாத்தீங்க. பரவாயில்ல சார். உங்க வேலை அது. நான் மனசுல வச்சுக்கல."

தெய்வேந்திரன் கேஸ் கட்டை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

"வீட்டுல விசேஷம்னா சொல்லி அனுப்புங்க. பந்தல் நானே வந்து போட்டுத் தர்றேன்" என்றான் மூக்கையா. தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கை பட்ட தோள் கொஞ்ச நேரம் வலித்தது.

தெய்வேந்திரன் சிரிப்பும் எரிச்சலுமாக சௌந்தரம் மேடம் அறைக்குள் போனான். அவர் சாயங்காலக் கட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். ஜிப் மூடவில்லை. இழுத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன?"

"மூக்கையா வந்தான் மேடம். நிசார் கால்ல விழுந்தான்."

"சரி."

"என்னை மன்னிச்சுட்டுப் போறான்."

சௌந்தரம் ஜிப்பை விட்டார். தெய்வேந்திரன் அந்த அறையில் முதல் தடவையாக அவர் சிரிப்பதைப் பார்த்தான். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க மேடம். முதல் கேஸ். எஸ்.ஐ. என்னடான்னா முகம் குடுத்துப் பேசல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான்தான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிஞ்சு, ஒரு கும்பிடு போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

"இப்ப எங்க போறான்?"

தெய்வேந்திரன் ஜன்னல் வழியே பார்த்தான். மூக்கையாவும் பேச்சியம்மாளும் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். தூக்குவாளி இப்போது அவன் கையில் இருந்தது.

"வீட்டுக்குப் போறான் மேடம்."

"யாரு வீடு?"

"அவன் வீடுதான்."

சௌந்தரம் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"அவன் வீட்டுக்கு அவன் போறதுக்கு உன்னை எதுக்குக் கும்பிடணும்?"